என் மகள் நிறத்துக்கு ஒரு பெயிண்ட்

பிளாஸ்டிக் பொம்மைக்கு எந்தப் பெயிண்ட் ஒட்டும் என்று அறுபதுகளில் தாராவியில் யாரைக் கேட்டிருந்தாலும் சிரித்திருப்பார்கள். பொம்மைக்கு எவன் பெயிண்ட் அடிப்பான்? கடையில் வாங்கினோமா, பிள்ளை கையில் கொடுத்தோமா என்று போகிறவர்கள்தான் எல்லோரும். நானும் அப்படி இருந்தவன்தான். ஒரு கோடையில் அந்தக் கேள்வியைத் தூக்கிக்கொண்டு பைத்தியக்காரனைப் போல அலைந்தேன். இன்றைக்கும் எங்கேயாவது டர்பன்டைன் வாசனை வந்தால் நான் அந்த இடத்தைவிட்டு நகர்ந்துவிடுவேன்.

எங்கள் ஒரே மகளுக்கு அப்போது ஐந்து வயதுகூட முடியவில்லை. முதலில் காய்ச்சல் அடித்தது. மூன்றாம் நாள் முகத்தில் முத்து தெரிந்தது. பெரியம்மை. முனிசிபாலிட்டி ஆட்கள் வந்து சந்து முழுவதும் ஊசி குத்தினார்கள். ஆஸ்பத்திரியில் கட்டில் காலி இல்லை, வீட்டிலேயே தனியாக வைத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். கூட வந்த டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்தார். இமைக்குள்ளேயும் முத்து இருந்தது. இரண்டு கண்ணும் வீங்கி ஒட்டிக்கொண்டிருந்தன.

"உயிருக்கு ஒன்றும் ஆகாது. ஆங்க் கா பாத் அபி நஹீ போல் சக்தா" என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார். கண்ணைப் பற்றி இப்போது சொல்ல முடியாதாம். எப்போது சொல்ல முடியும் என்று பின்னாலேயே ஓடிப் போய்க் கேட்டேன். எல்லாம் உதிர்ந்து கண் திறந்த பிறகு என்றார். இதைச் சொல்ல டாக்டர் எதற்கு?

அன்றைக்கே என் மனைவி என்னை வீட்டைவிட்டு வெளியேற்றினாள். நான் தோல் கிடங்கில் வேலை பார்த்தவன். பச்சைத் தோலைச் சுண்ணாம்புத் தொட்டியில் ஊறப்போட்டு, மயிர் வழித்து, சதை சீவுகிற வேலை. எத்தனை சோப்புப் போட்டாலும் அந்த வீச்சம் போகாது. அம்மை போட்ட வீட்டில் தாளிக்கவே கூடாது, தலைக்கு எண்ணெய் வைக்கக் கூடாது, வாசனை எதுவும் ஆகாது. தோல் வீச்சத்தோடு உள்ளே போகலாமா?

"நீங்க உள்ள வராதிய. கிடங்குலயே படுத்துக்கிடுங்க. அவளுக்குத் தலைக்குத் தண்ணி விட்ட பெறவு வாங்க" என்றாள்.

வாசலில் சாக்குப் படுதா தொங்கியது. அதில் வேப்பிலை செருகியிருந்தார்கள். பக்கத்து வீட்டுப் பெண்கள் மாட்டுங்கா வரை நடந்து போய் ஒடித்துக்கொண்டு வந்த வேப்பிலை அது. காலையிலும் மாலையிலும் நான் சந்தில் நின்று படுதாவைப் பார்த்துக் கேட்பேன்.

"கண்ணு முழிச்சாளா?"

"இன்னும் இல்ல."

இவ்வளவுதான் பேச்சு. உள்ளே மகள் முனகுவது கேட்கும். சில சமயம் "யப்பா" என்பாள். நான் பதில் சொன்னால் அழுவாள் என்பதால் பேசாமல் நிற்கச் சொல்லியிருந்தாள் மனைவி. பெற்ற பிள்ளை கூப்பிடக் கூப்பிட வாயை மூடிக்கொண்டு நிற்பது எப்பேர்ப்பட்ட தண்டனை என்று நின்றவனுக்குத்தான் தெரியும்.

ஒரு நாள் மனைவி படுதாவுக்குப் பின்னால் வந்து நின்று அவளாகவே பேசினாள்.

"கேட்டியளா? பிள்ளை உருவம் ஒண்ணு எடுத்து வைக்கேன்னு அம்மனுக்கு நேந்துருக்கேன். கண்ணு தெரிஞ்சாப் போதும்னு நேந்துருக்கேன். தலைக்குத் தண்ணி விடுத அன்னைக்கு உருவம் கையில இருக்கணும். மூஞ்சியில ஒரு குத்தம் இருக்கப்பிடாது, பாத்துக்கிடுங்க."

எங்கள் ஊர்ப் பக்கத்தில் இது வழக்கம். பிள்ளை பிழைத்தால் பிள்ளையைப் போலவே மண்ணில் ஒரு உருவம் செய்து கோயிலில் வைப்பார்கள். ஊரில் அதற்கென்று குயவர் இருக்கிறார். சொன்னால் செய்து, சுட்டு, வர்ணம் பூசிக் கொடுத்துவிடுவார். தாராவியிலும் குயவர்கள் இருக்கிறார்கள், ஒரு பேட்டையே அவர்களுடையதுதான். ஆனால் அவர்கள் குஜராத்துக்காரர்கள். அவர்கள் சுடுவது பானையும் அகல் விளக்கும். நான் போய், கையால் அளவு காட்டி, எனக்குத் தெரிந்த இந்தியில் கெஞ்சினேன். ஒரு ஆள் சக்கரத்திலிருந்து கையை எடுக்காமலே தலையாட்டினார். மூர்த்தி செய்வதில்லை என்றார். இன்னொருவர் போனால் போகிறது என்று ஒரு உண்டியலை எடுத்து நீட்டினார். உண்டியலை வைத்து நான் என்ன செய்ய? அவர் மேல் கோபப்பட்டு ஒன்றும் ஆகப்போவதில்லை. ஆனாலும் கோபப்பட்டேன்.

திரும்பி வரும் வழியில்தான் ஸ்டேஷன் பக்கத்துக் கடையில் அந்தப் பொம்மை தொங்கியது. பிளாஸ்டிக் பெண் குழந்தை, ஒரு முழ உயரம், கையும் காலும் சரியாக இருந்தன. ஆனால் உடம்பு ரோஜாப்பூ நிறம், கண் நீலம், தலைமயிர் மஞ்சள். அம்மனுக்கு முன்னால் கொண்டுபோய் வைத்தால், இது எந்தத் துரை பெற்ற பிள்ளை என்று கேட்பாள். என் மகள் என் நிறம். நல்ல கறுப்பும் இல்லை, மாநிறமும் இல்லை. பெயிண்ட் அடித்தால் ஆயிற்று என்று நினைத்து வாங்கிவிட்டேன். எவ்வளவு சுலபமாக நினைத்தேன்!

மனைவியிடம் சொன்னேன்.

"பிளாஸ்டிக்கா? அம்மா ஏத்துக்கிடுவாளா?" என்றாள்.

எனக்கு எங்கிருந்து வந்ததோ ஆத்திரம். "அவளுக்குப் பம்பாய்க்கு வந்து வெளையாடத் தெரியுதுல்லா? பம்பாயில கெடைக்கத வாங்கிக்கிடட்டும்!"

"வாயக் கழுவுங்க!" என்று உள்ளேயிருந்து கத்தினாள். பிறகு அழுதாள். நான் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். சந்தில் போனவர்கள் பார்த்துக்கொண்டு போனார்கள்.

கிடங்குக் கதவுக்கு அடித்தது போக மிச்சம் ஒரு டப்பாவில் பழுப்பு எனாமல் இருந்தது. ஒரு பிரஷ்ஷை எடுத்துப் பொம்மை முகத்தில் இழுத்தேன். பிரஷ் போன வழியெல்லாம் வரிவரியாக நின்றது. அதையாவது பொறுத்துக்கொண்டிருப்பேன். கொஞ்ச நேரத்தில் கன்னத்திலும் நெற்றியிலும் குமிழ் குமிழாகக் கிளம்பியது. குமிழ் உடைந்த இடத்தில் குழி விழுந்தது. அம்மைத் தழும்பேதான். மண்ணெண்ணெயில் துணியை நனைத்து, காய்வதற்குள் துடைத்து எடுத்துவிட்டேன். நல்லவேளை, முழுவதும் வந்துவிட்டது.

பிரஷ் ஆகாது. வரி இல்லாமல், குமிழ் இல்லாமல், டாக்ஸி மாதிரி வழவழவென்று இருக்க வேண்டும். டாக்ஸிக்கு யார் அடிக்கிறார்கள்? சுனாபட்டியில் ஒரு கராஜில் எங்கள் ஊர்ப் பக்கத்து ஆள் ஒருவர் ஸ்பிரே பெயிண்டராக இருந்தார். பொம்மையைத் துண்டில் சுற்றிக்கொண்டு போனேன். விஷயத்தைச் சொன்னதும் அவர் முகம் மாறிவிட்டது. அவருக்கும் பிள்ளைகள் உண்டு.

"நம்மட்ட கறுப்பும் மஞ்சளும்தான் கெடக்கு, எல்லாம் டாக்ஸிப் பெயிண்ட்டு. ரெண்டையும் கலந்தா நீ சொல்லுத நெறம் வந்துரும்ல" என்றார்.

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. கலந்தோம். வந்தது பச்சை. பாசி பிடித்த தொட்டிப் பச்சை. செத்த உடம்பின் நிறம் என்று ஒரு எண்ணம் வந்து, அதை உடனே தள்ளினேன். இரும்புக்கு முதல் பூச்சாக அடிக்கிற செங்காவி ஒரு டின் மூலையில் இருந்தது. அவர் அதில் கொஞ்சம் ஊற்றினார். இன்னும் கொஞ்சம். நான் என் முழங்கையில் ஒரு பொட்டு வைத்துப் பார்த்தேன். மறுபடி கொஞ்சம். நாலைந்து பொட்டுக்குப் பிறகு, வைத்த பொட்டு எது, என் தோல் எது என்று தெரியவில்லை. அந்தச் சில நாட்களில் நான் சந்தோஷப்பட்டது அந்த ஒரு முறைதான்.

பெயிண்டை நீர்க்கவைக்கிற தின்னரை ஊற்றிக் கலக்கி, ஸ்பிரே கன்னில் நிரப்பினார். "குடு, நான் அடிச்சித் தாரேன்" என்றார். நான் கேட்கவில்லை. நேர்ச்சை எங்களுடையது, என் கையால்தான் அடிப்பேன் என்றேன். அவர் பொம்மையின் பாதங்களைப் பிடித்துக்கொண்டார். நான் கன்னை அழுத்தினேன். புஸ்ஸென்று ஒரே மேகமாக வந்தது. எங்கேயும் ரோஜா நிறம் விட்டுப்போகக் கூடாது என்று கிட்டத்தில் பிடித்து அடிஅடியென்று அடித்தேன். மினுமினுவென்று, ஈரமாக, ஒரு வரி இல்லாமல் என் மகள் நிறத்தில் ஒரு பிள்ளை! கராஜில் இருந்தவர்கள்கூட வந்து பார்த்தார்கள். அவர் டீ வாங்கி வரச் சொன்னார்.

டீ குடித்து முடிக்கவில்லை. பொம்மையின் கன்னத்தில் பாலாடை சுருங்குவது போல ஒரு சுருக்கம் தெரிந்தது. ஊதினேன். சுருக்கம் நெற்றிக்கு ஏறியது. மூக்கு மழுங்கியது. விரலால் தொட்டேன், விரல் உள்ளே போனது. பிளாஸ்டிக்கே இளகிப் பிசினாகிக்கொண்டிருந்தது. கண் இருந்த இடம் இரண்டும் பள்ளமாக உள்வாங்கி, இமை எது, குழி எது என்று தெரியாமல் ஒன்றாகிப் போனது.

"ஏல, தின்னர் தின்னுட்டுல்லா" என்றார் அவர். "தகரத்துலயே அடிச்சிப் பழக்கம். எனக்குத் தோணாமப் போச்சே."

நான் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். சகுனம், கிகுனம் எல்லாம் பொம்பளைகள் பேச்சு என்று அதுவரைக்கும் சொல்லிக்கொண்டு திரிந்தவன் நான். என் மகளுக்கு நேர்ந்த உருவம். அதன் கண்ணை என் கையாலேயே அவித்துவிட்டேன். இதற்கு மேல் என்ன சகுனம் வேண்டும்? அம்மனைப் பேசிய வாய்க்கு இது கூலி என்று தோன்றியது. கராஜ்காரர் என்னென்னவோ சமாதானம் சொன்னார். ஒன்றும் காதில் ஏறவில்லை.

சாயங்காலம் சந்தில் போய் நின்றேன். படுதாவின் கீழ் என் காலைப் பார்த்திருக்க வேண்டும், மனைவியே பேசினாள்.

"முத்து எறங்குது. காலு, கையி எல்லாம் காஞ்சிட்டு வருது. கண்ணுதான் அப்படியே இருக்கு. உருவம் என்னாச்சி?"

"வேல நடக்குது" என்றேன்.

இறங்க ஆரம்பித்துவிட்டது என்றால் தண்ணி விடுகிற நாளும் வந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். மறுநாள் கிடங்குக்குப் போகவில்லை. அதே கடையில் அதே மாதிரி இன்னொரு பொம்மை வாங்கினேன். இதில் கை வைக்கப் பயமாக இருந்தது. கெட்டுப்போன பொம்மையின் பாதங்களில் மட்டும் பெயிண்ட் படவில்லை, கராஜ்காரர் பிடித்திருந்த இடம். அந்தக் கால்களை அறுத்து எடுத்துக்கொண்டு சயானில் ஒரு பெயிண்ட் கடைக்குப் போனேன்.

கடைக்காரர், "எதற்கு? மரமா, இரும்பா, சுவரா?" என்று இந்தியில் கேட்டார்.

"பச்சி கே லியே" என்றேன். பிள்ளைக்கு.

அவர் என்னைப் பார்த்தார். என் கையில் இருந்த இரண்டு பிளாஸ்டிக் கால்களைப் பார்த்தார். என் முகத்தில் என்ன இருந்ததோ, மறுபேச்சுப் பேசாமல் திறந்திருந்த டின்களைக் காட்டினார். நான் குச்சியால் ஒவ்வொன்றிலும் தொட்டுக் காலில் வைத்துவிட்டுக் கடைப் படியிலேயே குந்தினேன். மோட்டார் பெயிண்ட் வைத்த இடம் கொஞ்ச நேரத்தில் இளகிவிட்டது. அதைத்தான் பார்த்தாயிற்றே. சுவருக்கு அடிக்கிற தண்ணீர்ப் பெயிண்ட் அழகாகக் காய்ந்தது. நகத்தால் சுரண்டினேன், அம்மைப் பொருக்கு உதிர்வது போல உதிர்ந்தது. பொருக்கு என்று நினைத்ததும் கையை உதறிக்கொண்டேன். கதவுக்கும் ஜன்னலுக்கும் அடிக்கிற எனாமலை டர்பன்டைனில் கரைத்து வைத்த பொட்டு மட்டும் ஒன்றும் செய்யவில்லை. மெதுவாகக் காய்ந்தது. உச்சி வெயில் சாயும்வரை உட்கார்ந்திருந்து சுரண்டிப் பார்த்தேன். வரவில்லை. பிளாஸ்டிக்கும் இளகவில்லை.

கிடங்கில் கிடந்த அதே கதவுப் பெயிண்ட் ஜாதி! நான் துடைத்துத் தூர எறிந்தது. பெயிண்டில் குற்றமில்லை, பிரஷ்ஷில்தான். எனக்கு என்னையே அறைய வேண்டும் போல இருந்தது. பழுப்பும் கறுப்பும் செங்காவியும் சின்ன டப்பாக்களில் வாங்கினேன்.

அடிப்பதற்குக் கன் வேண்டும். கராஜுக்குப் போக மனம் வரவில்லை. அந்தக் காலத்தில் தாராவியில் மூட்டைப்பூச்சி மருந்து அடிக்கிற கைப்பம்பு இல்லாத வீடு கிடையாது. முன்னால் ஒரு டப்பா, பின்னால் இழுத்துத் தள்ளுகிற கைப்பிடி. ஒன்றை இரவல் வாங்கினேன். மருந்து வீச்சம் போக மண்ணெண்ணெயிலும் சோப்பிலும் கழுவிக் காயவைத்தேன். பொம்மையையும் சோப்புப் போட்டுக் குளிப்பாட்டினேன். முழங்கையில் பொட்டு வைத்து நிறம் பிடித்தேன்.

இந்த முறை அவசரப்படவில்லை. தோல் துண்டுகளைச் சுவரில் மாட்டி அவற்றில் அடித்துப் பார்த்தேன். முதல் தள்ளில் பம்பு எப்போதும் எச்சில் துப்புகிற மாதிரித் துப்பும், அதனால் பொம்மைக்கு வெளியே ஆரம்பித்து அதன் மேல் கொண்டுபோக வேண்டும். கிட்டப் போனால் வழியும், ரொம்ப எட்டிப் போனால் வழியிலேயே காய்ந்து மாவாக விழும். துண்டு துண்டாகத் தோலை வீணாக்கிய பிறகு கை ஒரு மாதிரி படிந்தது. பொம்மைக்கு மெல்லிசாக ஒரு பூச்சு அடித்தேன். ரோஜா நிறம் தெரிந்துகொண்டுதான் இருந்தது. இருக்கட்டும் என்று விட்டேன். அது காய்ந்த பிறகு இன்னொன்று. மூன்றாவது பூச்சில் வலது கண்ணுக்குக் கீழே ஒரு சொட்டு கூடிப்போய், கண்ணீர் மாதிரி வழிய ஆரம்பித்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு துணி முனையால் ஒற்றி எடுத்தேன்.

காய்வதுதான் பெரும்பாடு. தோல் கிடங்கு, ஈக்குக் கேட்க வேண்டுமா? ஒரு ஈ வந்து கன்னத்தில் உட்கார்ந்தால் ஒரு வடு. நான் பொம்மைக்கு முன்னால் சம்மணமிட்டு உட்கார்ந்து அட்டையால் விசிறிக்கொண்டேயிருந்தேன்.

"ஏ, இங்க பாருங்கடே, பொம்மைக்கு வேர்க்குதாம், காத்து வீசுதான்!" என்று ஒருவன் கூப்பாடு போட்டான். எல்லோரும் சிரித்தார்கள். விஷயம் தெரிந்த இன்னொருவன் அவன் காதில் ஏதோ சொன்னான். சிரிப்பு நின்றது. சாப்பாட்டு வேளையில் கிண்டல் செய்தவனே வந்து, "நீ போயி ரெண்டு வாய் தின்னுட்டு வா, நான் வீசுதேன்" என்று அட்டையை வாங்கிக்கொண்டான்.

முகம் நன்றாக வந்திருந்தது, மஞ்சள் தலைமயிருக்கும் கறுப்பு அடித்துவிட்டேன். ஒரு குற்றம் சொல்ல முடியாது. ஆனால் கண் இல்லை. நீலக் கண் இரண்டும் பூச்சுக்குள் மூடிப்போய்விட்டன. கண்ணைக் கடைசியில்தான் திறக்க வேண்டும், அதுதான் முறை. வெள்ளையும் கறுப்பும் எடுத்து வைத்தேன். நாலு மயிர் வைத்த சின்னப் பிரஷ் வாங்கி வந்திருந்தேன். பிரஷ்ஷைக் கிட்டக் கொண்டுபோய்க் கீழே வைத்துவிட்டேன். இடது கண்ணில் கோணிவிட்டால்? வெள்ளை கூடிப்போய்விட்டால்? ஒரு தடவை இந்தக் கையால் கண் அவிந்தது போதாதா? மறுபடி எடுப்பேன், மறுபடி வைப்பேன். அப்படியே ஒரு பகல் போயிற்று.

மறுநாள் காலையில் பக்கத்து வீட்டுப் பெண் கிடங்கு வாசலில் வந்து நின்றாள். "அண்ணே, புள்ளைக்குத் தலைக்குத் தண்ணி விட்டாச்சி. ஒங்கள வரச் சொன்னாவ" என்றாள். கண்ணைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. நல்ல செய்தி என்றால் அதைத்தானே முதலில் சொல்லியிருப்பாள்? கேட்க வாயெடுத்தேன். அவள் தலையைக் குனிந்துகொண்டு விறுவிறுவென்று போய்விட்டாள்.

குழாயடியில் தோல் எரிகிற மாதிரித் தேய்த்துக் குளித்தேன். பொம்மையைத் துண்டில் சுற்றிக்கொண்டு நடந்தேன். ஓடவேண்டும் போலவும் இருந்தது, அந்தச் சந்து முடியவே கூடாது போலவும் இருந்தது.

படுதாவைக் கழற்றியிருந்தார்கள். மனைவி வாசலுக்கு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். இத்தனை நாளில் பாதியாக இளைத்திருந்தாள். காதுக்குள் பேசுகிற மாதிரிச் சொன்னாள்.

"தண்ணி விடுத நேரத்துல எமை தொறந்துட்டு. நான் ஒண்ணும் கேக்கல. அவளும் ஒண்ணும் சொல்லல. எனக்குக் கேக்கப் பயமாருக்கு. நீங்களே கேளுங்க."

உள்ளே பாயில் மகள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். தலையை வழித்திருந்தார்கள். முகமெல்லாம் குழி. இடது கண்ணில் வெள்ளையாகப் பூ விழுந்திருந்தது. கண்மணியே தெரியவில்லை. வலது கண் பாதிதான் திறந்திருந்தது, சிவந்து, நீர் வடிந்துகொண்டு, எங்கேயோ கதவுப் பக்கம் பார்த்தபடி.

கேட்க வேண்டியதை நான் கேட்கவில்லை. என்ன கேட்பது? தெரிகிறதா என்றா? தெரியவில்லை என்று அவள் சொன்னால் நான் எங்கே போவேன்? கண் இல்லாத அந்தப் பொம்மையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, துண்டை வாயில் திணித்துக்கொண்டு நின்றேன். மனைவி சுவர் பக்கம் திரும்பி நின்றாள்.

மகள் தலையைக் கொஞ்சம் சாய்த்தாள்.

"யப்பா, ஏன் அழுவுதிய?" என்றாள்.

நான் வந்திருக்கிறேன் என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை. என் வாயிலிருந்து ஒரு சத்தமும் வெளியே வந்திருக்கவில்லை.